மறு: பிடித்து விட்ட மீனுக்கு ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,

மீன்களின் நடத்தை பற்றிய பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தரவேண்டும். தூண்டிலில் பிடித்த மீனை உடனே தண்ணீரில் விடுகிறார்கள். இதைப் 'பிடித்துவிடல்' என்று போட்டேன். அந்த மீன் அப்புறம் தூண்டில் பக்கமே வராமல் நழுவுகிறது; அதற்கு 'தூண்டில் கூச்சம்'. சரிவருமா?

— செ.

செ.,

சேர்த்தெழுதினால் 'விடு' துணைவினை. 'மீனைப் பிடித்துவிட்டான்' என்றால் மீன் கூடைக்குள் போயாயிற்று; இடைவெளி விட்டால்தான் பிழைக்கும். ஓர் இடைவெளியை நம்பியா கலைச்சொல் ஆக்குவது? 'பிடித்து மீளவிடல்' எனலாம்.

'தூண்டிற்கூச்சம்' என்று புணர்த்துங்கள். 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று' (குறள் 931). அங்கே பொன் என்றது இரும்பை. தூண்டில் என்ற பெயரே, மீனை ஆசைகாட்டித் தூண்டுவதாலா, திரியைத் தூண்டுவதுபோல மேலே இழுப்பதாலா? எனக்கு இரண்டாவதுதான் படுகிறது. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

— க.

தனி மடல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரட்டும், ஐயா.

கூச்சம் வேண்டாம். மீன் வெட்கப்படவில்லை, கற்றுக்கொண்டது. பியூகெமா என்பவர் நெதர்லாந்தில் செய்த சோதனைகளை 1970இல் வெளியிட்டார். ஒரே முறை மாட்டி விடுபட்ட கெண்டை, ஓராண்டு கழித்தும் எளிதில் சிக்கவில்லை. பைக் (pike) என்னும் வேட்டை மீன் வேறு மாதிரி: சுழலும் தகட்டுப் போலி இரையிடம் ஏமாந்தபின் அதை ஒதுக்கியது, உயிருள்ள மீனைக் கோத்துப் போட்டாலோ மறுபடி வந்து கவ்வியது. அப்படியானால் அது ஒதுக்கியது தூண்டிலையா, தகட்டையா?

துணிச்சலான மீன்களையே திரும்பத் திரும்பப் பிடித்துக் கொண்டுபோய்விட்டால் மிஞ்சும் கூட்டமே பயந்த கூட்டமாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். 'கூச்சம்' அதற்கு வேண்டுமானால் ஆகும். இங்கே 'தூண்டில் தவிர்ப்பு' போதும்.

— ந.

தவிர்ப்பு, யோசித்து முடிவெடுப்பவர் செய்வது. மான் மருளும், மீன் வெருவும். 'முள்வெருட்சி' என்றால் என்ன குறை? தூண்டில் முள் என்பது வழக்கில் உள்ளதுதானே.

— க.

வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மீன் முள் தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

— ந.

இருவருக்கும் நன்றி. 'பிடித்து மீளவிடல்', 'தூண்டில் தவிர்ப்பு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். தகட்டை மட்டும் ஒதுக்கிய பைக் மீனுக்கு 'இரை தவிர்ப்பு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறேன். பாடத்தில் இன்னோர் இடமும் இருக்கிறது: கூட்டைக் காக்கும் ஆண் பாஸ் மீனைப் பிடித்து விட்டால், அது திரும்புவதற்குள் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடுகின்றன, சில ஆண்கள் கூட்டையே கைவிடுகின்றன. நல்லவேளை, அதற்குக் கலைச்சொல் கேட்கவில்லை.

— செ.

பெரும்பான்மை அதுவானால் சரி. ஆனால் புணர்ச்சிப்படி 'தூண்டிற்றவிர்ப்பு' என்றே வரவேண்டும்.

— க.

அதைப் படிக்கும் மாணவன் நூலை அறுத்துக்கொண்டு ஓடிவிடுவான், ஐயா.

— ந.

கூட்டைக் கைவிடுவதற்கு 'குடம்பை துறத்தல்' இருக்கிறதே?

— க.