உள்ளூர்ப் புலமைப்பரிசிலை எந்தக் கட்டத்தில் வழங்குவது?

களுவாஞ்சிகுடிவாசி (கேள்வி)

எங்கள் பழைய மாணவர் சங்கம், வெளிநாடுகளில் வாழும் ஊரவரின் பங்களிப்போடு புலமைப்பரிசில் நிதியொன்றை ஆரம்பிக்கவிருக்கின்றது. பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானவர்களுக்கே அதை வழங்க வேண்டுமென நிருவாக சபையில் பெரும்பாலானோர் விரும்புகின்றனர். சில பேருக்கு மேல் நிதி தாங்காது. உண்மையில் தேவையுள்ள பிள்ளையிடம் அது போய்ச் சேர என்ன ஒழுங்கு செய்யலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்கட்டிச்சோலை

கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் மட்டக்களப்பு, அம்பாறை உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஆகவே நமது பிள்ளைகள் எல்லா இடத்துக்கும் கொழும்போடு போட்டியிட வேண்டியதில்லை. ஆனால் மாவட்டத்துக்குள்ளே, நகரத்தில் தனியார் வகுப்புகளுக்குச் சென்ற பிள்ளைக்கும் வெல்லாவெளியில் தனியே படித்த பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றுதான். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. சாதாரண தரத்தில் திறமையாகச் சித்தியடைந்தவர் கிழக்குக் கரையான எழுவான்கரையில் தங்கிப் படிக்க வழியில்லாவிட்டால், ஊரில் இருக்கும் பாடங்களையே எடுத்துக்கொள்கிறார். 2014 இல் இரு கரைகளையும் இணைக்கும் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் பயணம் இலகுவாயிற்று. தங்குமிடச் செலவு குறையவில்லை. அனுமதி கிடைத்த பின் கொடுக்கும் பணம் இப்பிள்ளையை எட்டவே எட்டாது. உயர்தரத்தின் முதலாண்டிலேயே கொடுங்கள்.

மாணவி, ஒலுவில்

ஐயா கூறுவதை மறுக்கவில்லை. ஆயினும் தெரிவானவர்களை முற்றாகக் கைவிட வேண்டாம். பல்கலைக்கழக மாணவருக்கான உதவித்தொகைகளான மகாபொலவோ பர்சரியோ, பதிவு செய்த நாளிலேயே கைக்கு வருவதில்லை. விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு முதற் கொடுப்பனவு வரும்வரை அறை வாடகை, சாப்பாடு, மடிக்கணினி எல்லாம் வீட்டுச் செலவே. அம்மாவின் தோடு அடகுக்குப் போவது அந்த மாதங்களில்தான். அந்த இடைவெளிக்கு மட்டும் ஒரு தொகை தந்தாலும் பெரிய உதவி. அம்பாறை ஹாடி உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிப்பவர்களையும் கவனியுங்கள். ஊரில் அவர்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

கணக்காளர், அக்கரைப்பற்று

இரண்டையும் செய்ய முயன்று இரண்டையும் பாதியில் விடுவதை விட, குறைந்த எண்ணிக்கையானோரைத் தெரிவுசெய்து, இறுதிவரை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் இடுவதே நல்லது என்பது என் கருத்து. நடுவில் நின்றுபோகும் உதவியை நம்பி வந்த பிள்ளை படும் பாடு பெரிது. வருமானத்தை மதிப்பிட கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் மட்டும் போதாது. பெரும்போக அறுவடைக் காலத்தில் கையில் காசிருக்கும் வேளாண்மைக் குடும்பம் ஐப்பசியில் கடனில் இருக்கும். கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு எழுத்தில் எந்த வருமானமும் இராது. இருவர் வீட்டுக்கே சென்று பார்க்கட்டும். விண்ணப்பதாரரின் உறவினர் தெரிவுக் குழுவில் இருக்கக் கூடாது. மேடையேற்றிப் புகைப்படம் எடுப்பதைத் தயவுசெய்து தவிருங்கள். கணக்கைப் பகிரங்கப்படுத்துங்கள், பெயர்களை அல்ல.

களுவாஞ்சிகுடிவாசி

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னவாறு உயர்தர முதலாண்டிலிருந்து தொடங்கி, தங்கை குறிப்பிட்ட இடைவெளிக்கெனச் சிறு பங்கை ஒதுக்கும் யோசனையைச் சபைக்குக் கொண்டுசெல்கிறேன். புகைப்படம் இல்லையென்றால் கொடையாளிகள் சிலர் பின்வாங்கக்கூடும். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பதற்கும் யாராவது வழி கூறினால் உதவியாக இருக்கும்.