புரட்டாசியில் டர்பன் நகர மதியச் சாப்பாடு: பலாஃபெல் கடையில் என்ன கேட்க வேண்டும்?

சாட்ஸ்வர்த் அக்கா:
செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை கறி தொடாதவர்களுக்கு, ஸ்மித் தெரு (இப்போது ஆன்டன் லெம்பெடே தெரு), வெஸ்ட் தெரு (இப்போது டாக்டர் பிக்ஸ்லி காசெமெ தெரு) பக்கம் பீன்ஸ் பன்னி சௌவை (குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய பீன்ஸ் குழம்பு) விட்டால் கைகொடுப்பது மத்தியதரைக்கடல் உணவுக் கடைதான். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் காட்டக் காட்ட கிண்ணத்தில் நிரப்பித் தருவார்கள். ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது), தபூலே (பார்ஸ்லி இலை சாலட்), பலாஃபெல் (பொரித்த கொண்டைக்கடலை உருண்டை), சுட்ட கத்தரிக்காய் மசியல் எல்லாம் பிறப்பிலேயே சைவம். சைவம் கெடுவது கடைக்குள்தான், அதுவும் மூன்று இடத்தில்.

முதலாவது சோறு. மஞ்சள் சோற்றைக் கோழி ஸ்டாக்கில் (கோழி வேகவைத்த சாற்றில்) வேகவைக்கும் கடைகள் உண்டு. "இதில் கறி இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், துண்டு இல்லைதானே! "தண்ணீரில் வெந்ததா, ஸ்டாக்கில் வெந்ததா?" என்று கேளுங்கள். பருப்பு சூப்புக்கும் இதே கேள்விதான். பதில் தடுமாறினால் சோற்றை விட்டு, இலைக் கீரையோ தபூலேயோ அடியில் போட்டு அதன்மேல் மற்றதை வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது எண்ணெய். பொரிக்கும் தொட்டி ஒன்றே ஒன்று என்றால் கோழித்துண்டும் பலாஃபெலும் அதில்தான் விழும். சிப்ஸும் அப்படியே.

மூன்றாவது இடுக்கி. ஷவர்மா (கம்பியில் சுட்டுச் சீவிய கறி) எடுத்த இடுக்கியே அடுத்த தட்டுக்கும் போகும். 12 மணிக்கு முன் போனால் கரண்டிகள் சுத்தமாக இருக்கும், கையுறை மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். 1 மணி வரிசையில் அதைக் கேட்டு வாங்குவது கஷ்டம்.

பீனிக்ஸ் அண்ணா:
எண்ணெயோடு மாவையும் பாருங்கள் அக்கா. பலாஃபெல் நம் பருப்பு வடைக்குச் சொந்தக்காரன். கொண்டைக்கடலையை 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, வேகவைக்காமல், கொரகொரப்பாக அரைக்க வேண்டும். டின்னில் வரும் வெந்த கடலையைப் போட்டால் ஈரம் கூடி எண்ணெயில் உதிரும். அதைக் கட்டுவதற்குத்தான் மைதாவோ முட்டையோ சேர்க்கிறார்கள். முட்டை சாப்பிடாத விரதக்காரர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஒன்றைப் பிட்டாலே தெரிந்துவிடும். உள்ளே பார்ஸ்லி, கொத்தமல்லிப் பச்சையும் பருப்பு வடை மாதிரி கொரகொரப்பும் இருந்தால் சரி. களி மாதிரி வழவழப்பாக இருந்தால் வெந்த கடலை. வெளியே கறுத்து நடுவில் பச்சை மாவு வாடை அடித்தால் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. 175 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் மூன்று நாலு நிமிடத்தில் நிதானமாக வேகும். விளக்கின் கீழ் குவித்து வைத்ததை வாங்காதீர்கள், அடுத்த ஈடு வரும்வரை நில்லுங்கள். அந்த ஐந்து நிமிடம் வீண் போகாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி:
பாலாடைக்கட்டியை மறந்துவிட்டீர்களே. ஃபெட்டா, ஹலூமி இரண்டும் ரென்னெட் என்ற நொதியால் உறைபவை. அது கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படும், நுண்ணுயிரிலிருந்தும் எடுக்கப்படும். பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஹலால் முத்திரை இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். அது ஹலாலுக்குச் சாட்சி, சைவத்துக்கு இல்லை.

வெள்ளைப் பூண்டுச் சாந்தும் அப்படித்தான். முறைப்படி செய்தால் பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு மட்டும். சில இடங்களில் முட்டை வெள்ளைக்கருவோ மயோனைஸோ கலப்பார்கள். சந்தேகம் என்றால் எள்ளு விழுதில் செய்த தஹீனி கேளுங்கள். திராட்சை இலைச் சுருளில் சோறு மட்டும் வைப்பதும் உண்டு, ஆட்டுக் கொத்துக்கறி சேர்ப்பதும் உண்டு.

செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்கப் பாரம்பரிய தின விடுமுறையின் பிராய் (நெருப்பில் கறி சுடும் விருந்து) புரட்டாசிக்குள்தான் வரும். ஹலூமி கொண்டுபோனால் கம்பி வலையில் முதலில் அலுமினியத் தாள் விரித்துவிடுங்கள், கறிக் கொழுப்பு படாது.

சாட்ஸ்வர்த் அக்கா:
நல்ல யோசனை தம்பி. பார்சல் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பீட்டா ரொட்டிக்குள் முதலில் ஹம்மஸ் இரண்டு கரண்டி தடவி, அதன்மேல் பலாஃபெல் நாலு, பிறகு தக்காளி, ஊறுகாய் என்று வைக்கச் சொல்லுங்கள். தக்காளி நேராக ரொட்டியில் பட்டால் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் அடி கிழிந்துவிடும். தஹீனியைத் தனிக் கிண்ணத்தில் வாங்குங்கள். சூடான பலாஃபெலைக் காகிதப் பையில் வாய் திறந்தே எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் ஆவியில் மேல்தோல் நமத்துவிடும்.