ஏற்காட்டுல எங்க பாத்தாலும் சரிவு, தனியா டபுள் ஸ்டாண்ட் போட்டு ஆயில் பாக்குறது எப்படிங்க?

சேர்வராயன்_பனி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வீடு சேலம் அஸ்தம்பட்டி, வேலை நாகலூர் பக்கம். திங்கக்கிழமை காலைல மேல ஏறுவேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எறங்குவேன், நடுவுல அங்கயே ஒரு ரூம்ல தங்கிக்குவேன். வண்டி அண்ணனோடது, கிளாசிக் 350, 2022 மாடல், அவன் வெளிநாடு போனதுல இருந்து நான்தான் ஓட்டுறேன். 20 கொண்டை ஊசியும் பழகிருச்சு, ஓட்டுறதுல பயமே இல்ல, நிறுத்துறதும் ஆயில் பாக்குறதும்தான் பிரச்சனை.

போன மாசம் ரூம் வாசல்ல சைடு ஸ்டாண்ட்ல நிக்கும்போது குனிஞ்சு ஆயில் கண்ணாடிய (இஞ்சின்ல ஆயில் அளவு பாக்குற சின்ன வட்ட கண்ணாடி) பாத்தேன், உள்ள ஒண்ணுமே தெரியல, ஆயிலே இல்லன்னு பயந்துபோய் கடைல 15W-50 இஞ்சின் ஆயில் வாங்கி அரை லிட்டருக்கு மேல ஊத்திட்டேன். அடுத்த வாரம் மேல ஏறும்போது வண்டி முன்ன மாதிரி இழுக்கல, ஏர் ஃபில்டர் டப்பாக்கு அடில ஒரு சின்ன டியூப் இருக்குல்ல அதுல ஆயில் வந்து நிக்குது. அப்புறம் நேரா நிறுத்தி பாக்கலாம்னு டபுள் ஸ்டாண்ட் போட பாத்தேன், கால்ல செருப்பு, மழைல நனைஞ்ச செம்மண்ணு, கால் வழுக்கி வண்டி அந்தப்பக்கம் சாஞ்சிருச்சு. நல்லவேளை எனக்கு அடி இல்ல, சைடு மிரர் மட்டும் உடைஞ்சுது. 195 கிலோ வண்டி, நான் 51 கிலோ. பக்கத்துல கூப்புட ஆள் கிடையாது, தனியாவே செய்யற மாதிரி ஒரு வழி சொல்லுங்க ப்ளீஸ்.

கொண்டலாம்பட்டி_பட்டறை

தங்கச்சி, முதல்ல அந்த வண்டிய இனிமே ஓட்டாதம்மா, அதிகமா ஊத்துன ஆயில எடுத்தப்புறம் ஓட்டு. ஆயில் கம்மியா இருந்தா கெடுதல்னு எல்லாருக்கும் தெரியும், ஜாஸ்தியா இருந்தாலும் கெடுதல்தான். உள்ள சுத்துற பாகமெல்லாம் ஆயில்ல முங்கி அடிச்சு நுரை ஆக்கிரும், நுரை ஆன ஆயில் தேயற எடத்துக்கு சரியா போய் சேராது, இஞ்சின் இழுக்கவும் கஷ்டப்படும். உள்ள காத்து அழுத்தம் ஏறி ப்ரீதர் டியூப் (இஞ்சின் உள்ள இருக்குற காத்து வெளிய போற குழாய்) வழியா ஆயில ஏர் ஃபில்டர் டப்பாக்கு தள்ளும், நீ பாத்தது அதுதான். அப்படியே விட்டா சீல் கசியும். மெடிக்கல் ஷாப்ல 50 மில்லி சிரிஞ்சும் மெல்லிசா ஒரு டியூபும் வாங்கி ஆயில் ஊத்துற வாய் வழியா விட்டு உறிஞ்சி எடுக்கலாம், டியூப் ஆயில் வரைக்கும் எட்டுனா. எட்டலன்னா ட்ரெயின் போல்ட்ட (ஆயில் வடிக்க கீழ இருக்குற போல்ட்டு) நீயா தொடாத, நல்ல கடைல விடு, ஏர் ஃபில்டர் நனைஞ்சிருக்கான்னும் பாக்க சொல்லு.

கண்ணாடி ஏன் காலியா தெரிஞ்சுதுன்னா, அது வண்டிக்கு வலது பக்கம் இருக்கு. சைடு ஸ்டாண்ட் போட்டா வண்டி இடது பக்கம் சாயும், ஆயிலும் அந்தப்பக்கம் ஓடிரும். டம்ளர சாச்சு புடிச்சா தண்ணி ஒருபக்கமா போற மாதிரிதான். இஞ்சின ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணி, அஞ்சு பத்து நிமிஷம் ஆயில் கீழ எறங்க விட்டு, நேரா நிமித்தி பாக்கணும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல இருந்தா போதும், மேல் கோட்ட தொட்டே ஆகணும்னு இல்ல. சைலன்சரும் அதே பக்கம்தான், குனியும்போது முழங்கால் படாம பாத்துக்க.

இப்ப ஸ்டாண்ட். எங்க கடைக்கு வர பசங்களே முக்காவாசி பேர் கையால தூக்குறாங்க, அதனாலதான் இடுப்பு புடிக்குது. தூக்கக்கூடாது, மிதிக்கணும். நியூட்ரல்ல போட்டு வண்டிக்கு இடது பக்கம் நின்னுக்க, இடது கை ஹேண்டில்ல, ஹேண்டில் நேரா இருக்கணும். வலது கை சீட்டுக்கு கீழ இருக்குற கைப்பிடில. வலது காலால ஸ்டாண்டோட மிதிய மெதுவா அழுத்து, ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரைல படற வரைக்கும். வண்டிய லேசா அந்தப்பக்கம் இந்தப்பக்கம் அசைச்சா ரெண்டும் பட்டுருச்சான்னு கால்லயே தெரியும், படாம மிதிச்சாதான் வண்டி சாயும். பட்டப்புறம் உன் மொத்த எடையும் அந்த ஒரு கால்ல ஏத்து, படிக்கட்டு ஏறுற மாதிரி. வண்டி தானா பின்னாடி ஏறி உக்காரும், கை வெறும் வழி காட்டத்தான். 51 கிலோ தாராளமா போதும்மா. செருப்போட மட்டும் செய்யாத, ஷூ போட்டுக்க.

எறக்கும்போது முதல்ல சைடு ஸ்டாண்ட வெளிய எடுத்து விட்டுரு, வண்டிய ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, இடது பக்கம் நின்னே முன்னாடி தள்ளு. சக்கரம் தரைல பட்டதும் கியர் புடிச்சு நிறுத்திரும், ஓடாது.

இன்னொன்னு, டபுள் ஸ்டாண்ட்ல போட்டு இஞ்சின ஓடவிட்டு, கியர் போட்டு பின் சக்கரத்த சுத்தவிட்டு துணிய வெச்சு செயின் தொடைக்கிறவங்க இருக்காங்க. விரல் போன ஆளுங்கள நான் நேர்ல பாத்துருக்கேன். சக்கரத்த கையாலதான் சுத்தணும்.

5ரோடு_ஸ்பிளெண்டர்

நான் 10 வருஷமா சைடு ஸ்டாண்ட்லயே வெச்சு டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற குச்சி) பாத்துட்டு இருக்கேன், ஒண்ணும் ஆகலயே?

கொண்டலாம்பட்டி_பட்டறை

தம்பி, உன் வண்டி 112 கிலோதான, ஒரு நிமிஷம் கையால நிமித்தி புடிச்சா தெரிஞ்சிரும், எதுக்கு சாச்சு வெச்சு பாக்கணும்? இன்னும் ஒண்ணு, ஸ்பிளெண்டர் டிப்ஸ்டிக்க மரை திருகி உள்ள விட்டு பாக்கக்கூடாது. தொடச்சுட்டு சும்மா உள்ள வெச்சு எடுத்து பாரு. திருகுனா குச்சி இன்னும் கீழ போய் ஆயில் ஜாஸ்தியா இருக்குற மாதிரி காட்டும்.

காப்பி_களம்

அக்கா நான் ஏற்காட்டுலயேதான் இருக்கேன், நீங்க சொல்ற கஷ்டம் எனக்கு நல்லாவே புரியுது, எங்க ஊர்ல வண்டி நிறுத்த ஒரு சமதளம் கெடைக்கிறது பெரும் பாடு. நான் செய்யறது என்னன்னா எஸ்டேட்ல காப்பி காயப்போடுற சிமெண்ட் களம் இருக்கும்ல, காய் இல்லாத நாள்ல கேட்டா விடுவாங்க, அதுதான் இருக்கறதுலயே சமமான தரை. இல்லன்னா பெட்ரோல் பங்க்ல காத்தடிக்கிற எடத்துல ஓரமா, கூட்டம் இல்லாத நேரம். தரை சமமான்னு சந்தேகம்னா ஒரு கோலிய வெச்சு பாருங்க, உருளாம நின்னா சரி.

அப்புறம் ஒரு பலகை. முக்கால் இஞ்ச் கனம், ஒரு அடி நீளம் இருந்தா போதும், பின் சக்கரத்த அதுமேல ஏத்தி நிறுத்திட்டு டபுள் ஸ்டாண்ட் போடுங்க, பாதி பலம்தான் வேணும். நான் அஞ்சடிக்கும் கம்மி, எங்கப்பா புல்லட்ட அப்படித்தான் போடுறேன். மழை நாள்ல ரூம் வாசல்ல சைடு ஸ்டாண்ட் போடும்போது அதே பலகைய ஸ்டாண்டுக்கு அடில குடுங்க, இல்ல ஒரு தட்டை கல்லு, இந்த செம்மண்ணுல ராத்திரி முழுக்க நின்னா ஸ்டாண்ட் எறங்கி காலைல வண்டி படுத்துருக்கும். சரிவுல நிறுத்துனா மூஞ்சி மேட்டு பக்கம் பாத்து, ஃபர்ஸ்ட் கியர்ல. பள்ளத்த பாத்து நிறுத்துனா வண்டி முன்னாடி நகந்து ஸ்டாண்ட் தானா மடங்கிரும்.

பனி காலத்துல கண்ணாடி உள்ள வெள்ளையா பால் காப்பி மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க, கொஞ்ச தூரமே ஓட்டி இஞ்சின் நல்லா சூடாகாம விட்டா உள்ள ஈரம் சேரும். ஒரு தடவ அடிவாரம் வரைக்கும் போய்ட்டு திரும்பி ஏறுனா பெரும்பாலும் போயிரும். போகலன்னா ஆயில் மாத்திருங்க.

கன்னங்குறிச்சி_டியூக்

என் வண்டில டபுள் ஸ்டாண்டே இல்ல, அதனால நான் கண்டுபிடிச்ச வழி சொல்றேன். ஃபோன்ல வீடியோ ஆன் பண்ணி டார்ச்சும் போட்டு, ஆயில் கண்ணாடிக்கு நேரா ஒரு செங்கல்லு மேல சாச்சு வெச்சிருவேன். முன் ப்ரேக் லிவர பழைய சைக்கிள் டியூப் துண்டால இறுக்கி கட்டிருவேன், வண்டி நகராது. அப்புறம் இடது பக்கம் நின்னு வண்டிய நேரா நிமித்தி பத்து எண்ணுவேன், திரும்ப சைடு ஸ்டாண்ட்ல சாச்சுட்டு வீடியோவ பாத்தா லெவல் தெளிவா தெரியும். குனியவே வேண்டாம், அதனால வண்டி நம்ம மேல விழற பயமும் இல்ல. கிளாசிக்க இப்படி நிமித்தணும்னா வலது பக்கம் ஒரு அடி தள்ளி சுவர் இருக்குற எடமா பாத்துக்குங்க, அளவு தப்பி சாஞ்சாலும் ஹேண்டில் சுவர்ல தாங்கிக்கும். பேடாக் ஸ்டாண்ட் (பின் சக்கரத்த தூக்கி நிறுத்துற தனி ஸ்டாண்ட்) வாங்கலாம்தான், ஆனா தனியா ஏத்தும்போது அதுவும் வழுக்கும், உங்ககிட்ட டபுள் ஸ்டாண்ட் இருக்கும்போது அது தேவையே இல்லங்க.

சேர்வராயன்_பனி

அண்ணா, தங்கச்சி, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சனிக்கிழமை சேலத்துல கடைல விட்டேன், 600 மில்லி கிட்ட எடுத்தாங்க, ஏர் ஃபில்டர் நனைஞ்சிருந்துச்சு மாத்திட்டாங்க. நேத்து எஸ்டேட் களத்துல மேஸ்திரிகிட்ட கேட்டு பலகை வெச்சு, ஷூ போட்டு, அண்ணன் சொன்ன மாதிரி ரெண்டு காலும் படுதான்னு அசைச்சு பாத்துட்டு மிதிச்சேன். முதல் தடவ ஏறல, பாதி எடைதான் குடுத்தேன்னு தெரிஞ்சுது, ரெண்டாவது தடவ டக்குனு ஏறிருச்சு. ஆயில் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்குது. தங்கச்சி, அந்த பலகை ஈரத்துல ஊறி வளையாம இருக்க என்ன மரத்துல வாங்குனீங்க?

காப்பி_களம்

சில்வர் ஓக் அக்கா, எஸ்டேட்ல வெட்டுன துண்டு எப்பவும் கெடக்கும், கேளுங்க சும்மாவே குடுப்பாங்க. அடில பழைய டயர் ரப்பர் ஒரு துண்டு ஆணி அடிச்சுக்குங்க, ஈர சிமெண்ட்ல நகராது.