பாஸ்டர் விழுந்தால் சபை என்ன செய்யணும்? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து அனுபவங்கள்

குடியாத்தம், சபைச் செயலாளர்:

பாஸ்டர் பாலியல் தப்பில் விழுந்தார் என்ற விஷயம் கமிட்டியின் காதுக்கு வரும்போது வாட்ஸ்அப்பில் பாதி சபையைச் சுற்றி முடித்திருக்கும். உபவாச ஜெபம் வைக்கலாம் என்பார் ஒருவர், ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கலாம் என்பார் இன்னொருவர். அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டதா?

ஆகவில்லை என்றால் கமிட்டி கூடவே வேண்டாம். போக்சோ, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் யாராயிருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே வேலை செய்கிறவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. வழி தெரியாதவர்கள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள், அவர்கள் நடத்துவார்கள்.

வயது வந்தவர் என்றால் அடுத்த கேள்வி, இது குற்றமா, ஒழுக்கமீறலா? இருவரும் மனமொத்த கள்ள உறவு 27-9-2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு குற்றம் அல்ல. அதைச் சபைதான் கையாள வேண்டும். மிரட்டலோ பலவந்தமோ இருந்தால் போலீஸ். சபை ஆபீசில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண் என்றால் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கு உள்புகார்க் குழு கிடையாது, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் எழுதித் தர வேண்டும். கெடு மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. குடியாத்தம், காட்பாடி என்றால் வேலூர். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் போக வேண்டும். பழைய நினைப்பில் எல்லோரும் வேலூர் கலெக்டர் ஆபீசுக்கே வந்து நின்றால் நாள்தான் வீணாகும்.

ஆம்பூர், சபை மூப்பர்:

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் அதிகம். வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அதனால் விசாரணையை வேலை நாளில் வைத்து, 'கூப்பிட்டும் வரவில்லை' என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவது பெரிய அநியாயம். புகார் சொன்ன பெண்ணுக்குத் தோதான நேரத்தைக் கேளுங்கள். இடம் பாஸ்டர் வீடாகவோ சபை ஆபீசாகவோ இருக்கக் கூடாது. எதிரே மூன்று பேர் போதும், அதில் இரண்டு பேராவது பெண்கள். பாஸ்டரின் உறவினர் ஒருவரும் வேண்டாம். கூட யாரை அழைத்துவர விரும்புகிறாரோ அவர் வரட்டும். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

அவருடைய போனை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நீதிமன்றத்தில் மெசேஜ் செல்ல வேண்டுமானால் 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். கை மாறிக் கை மாறி வந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு யார் சான்று தருவது? தேதியும் நம்பரும் தெரிகிற மாதிரி, வெட்டாமல் எடுக்கச் சொல்லுங்கள். மூல மெசேஜ் அவர் போனிலேயே அழியாமல் இருக்கட்டும். குரூப்பில் பார்வர்டு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு.

எல்லாவற்றையும் விடக் கெடுதல் செய்வது அன்று ராத்திரியே பாஸ்டர் வீட்டில் நடக்கும் சமரசம். பாஸ்டரம்மா அழ, மூப்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, வேதத்தின் மேல் கை வைத்துச் சொல் என்று அந்தப் பெண்ணைக் கேட்பார்கள். அந்த அறையில் யாராலும் உண்மை பேச முடியாது.

காட்பாடி, பொருளாளர்:

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பல தனிச் சபைகளில் பாஸ்டரே ஆயுள்கால நிர்வாக அறங்காவலர். அப்படியானால் கமிட்டியின் தீர்மானம் வெறும் காகிதம். நிலம் யார் பேரில் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற சங்கம் என்றால் தீர்மானம் போட்டு, பேங்கில் கையெழுத்தை மாற்றி, மாவட்டப் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். காணிக்கைக்கான கியூ.ஆர். கோடு யார் அக்கவுண்டுக்குப் போகிறது என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். பாஸ்டரின் சொந்த அக்கவுண்டாக இருந்தால் அன்றைக்கே அந்த அட்டையைக் கழற்றுங்கள்.

பாஸ்டரம்மாவும் பிள்ளைகளும் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். பரீட்சை நேரத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லாதீர்கள். மூன்று மாதமாவது தங்க இடமும், வீட்டுச் செலவுக்குப் பணமும் என்று எழுத்தில் கொடுங்கள், பணம் அந்த அம்மா கையில் போகட்டும். ஆலோசனைக்கு இன்னொரு பாஸ்டரிடம் அனுப்புவதை விட, பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையம் போன்ற இடத்துக்கு அனுப்புவது மேல்.

ராணிப்பேட்டை, பெண்கள் ஐக்கியம்:

ஆம்பூர் பிரதர் சொன்ன அந்த ராத்திரிக் கூட்டத்தில் மூன்று வசனம் தவறாமல் வரும். மூன்றுக்கும் பதில் அதே வேதத்தில் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் சகோதரிகளே.

'அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே.' இது 105ஆம் சங்கீதம் 15. அங்கே பேச்சு ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றியது. நாடோடிகளாய்த் திரிந்தவர்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி காத்த வசனம். பலவீனரைக் காத்த வார்த்தையைப் பிடுங்கி, அதிகாரத்தில் இருப்பவருக்குக் கேடயமாகக் கொடுக்கிறோம்.

'இரண்டு மூன்று சாட்சி வேண்டும்.' 1 தீமோத்தேயு 5:19. சரி, அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. இருபதை விட்டுவிட்டுப் பத்தொன்பதை மட்டும் வாசிப்பதைத்தான் மாயக்காரத்தனம் என்கிறேன். வெவ்வேறு வருஷத்தில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெண்கள் ஒரே மாதிரிச் சொன்னால் அதுவும் இரண்டு சாட்சிதான்.

'தாவீதையே மன்னிக்கவில்லையா?' மன்னித்தார், 2 சாமுவேல் 12:13. அதற்கு முன் மூன்று வசனமும், பின் ஒரு வசனமும் தண்டனை. தீர்க்கதரிசி நாத்தான் அரண்மனைக்கே போய், 'நீயே அந்த மனுஷன்' என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகுதான் அறிக்கையே வந்தது.

பாஸ்டரின் பாவ அறிக்கை எப்படி இருக்க வேண்டும்? ஒரு பக்கம் போதும். செய்த பாவம் இன்னதென்று வெளிப்படையாக எழுத வேண்டும். 'யாராவது மனம் புண்பட்டிருந்தால்' கூடாது. 'சத்துரு கண்ணி வைத்தான்' கூடாது. தன் ஊழியத்தின் அருமைபெருமை ஒரு வரி கூடாது. அந்தப் பெண்ணின் பெயரோ, ஆளை ஊகிக்க வைக்கும் எந்த அடையாளமோ கூடாது. பாஸ்டர் வாசிக்க வேண்டாம். மூப்பர் ஒருவர் வாசிக்கட்டும். மைக் கையில் கிடைத்தால் அவர் அழுவார், சபையும் சேர்ந்து அழும், ஆராதனை முடியும்போது மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அந்தப் பெண்தான் என்று ஆகிவிடும். பாஸ்டரம்மாவைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, மன்னிப்பு. அதைக் கொடுக்க வேண்டியவள் அவள். கமிட்டி அவள் சார்பில் கொடுக்க முடியாது, தேதி குறித்துக் கேட்கவும் முடியாது. அவள் பல வருஷம் கழித்து மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அதை வைத்து அவளுடைய விசுவாசத்தை அளக்காதீர்கள், திருவிருந்து நேரத்தில் அவளைக் குறிவைத்துப் பிரசங்கிக்காதீர்கள். சபை கொடுக்கக் கூடியது வேறு. 2 கொரிந்தியர் 2 சொல்வது அதைத்தான்: தண்டனை பெற்றவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனைத் தேற்றுங்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், சாப்பாடு கொடுங்கள், ஜெபியுங்கள். பிரசங்கபீடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அங்கே எழுதவில்லை.

வாலாஜா, ஓய்வு பெற்ற உபதேசியார்:

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு 1988 போதும். அமெரிக்க டிவி பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட் பாலியல் ஒழுக்கமீறல் வெளிவந்து பிப்ரவரியில் கண்ணீரோடு அறிக்கை செய்தார். அவருடைய சபை அமைப்பு ஒரு வருஷம் பிரசங்கம் கூடாது என்றது. அவர் ஏற்கவில்லை, ஊழியப் பட்டம் போனது, சில மாதத்திலேயே மேடைக்குத் திரும்பினார். 1991-இல் மறுபடியும் அதே விஷயத்தில் பிடிபட்டார்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, 1946-இல் சென்னையில் பிறந்த கிறிஸ்தவப் பேச்சாளர் ரவி சகரியாஸ். 2017-இல் அவர் மேல் எழுந்த பாலியல் புகார், வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அமுக்கப்பட்டது. அவர் 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில் அவருடைய நிறுவனமே அமர்த்திய வக்கீல்களின் அறிக்கை பல பெண்களுக்கு நடந்ததை உறுதி செய்தது. முதல் பெண்ணை நம்பாமல் போனதற்கு நிர்வாகக் குழு மன்னிப்புக் கேட்டது. அவர் உயிரோடு இருந்து பதில் சொல்லவேண்டிய காலம் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

நம் பக்கத்தில் இந்த மறைப்புக்கு மாறுதல் என்று பெயர். சத்தம் அடங்கும் வரை தூரத்துச் சபைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உள்ள பெண்களுக்கு ஒன்றும் தெரியாது. வேறு ஊர்ச் சபை ஒன்று நம்மிடம் விசாரித்தால், புகார் வந்தது, விசாரித்தோம், இன்ன தீர்மானம் எடுத்தோம் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். 'நல்லவர், கொஞ்சம் உடம்பு சரியில்லை' என்று போனில் சொல்லாதீர்கள்.