‘கிரீஸ் படகுப் பயணம்’ – எங்கள் குடும்பக் குழு

கார்த்திக்: எல்லோருக்கும் வணக்கம். படகு கிடைத்துவிட்டது! 15 மீட்டர் பாய்மர யாட். ஒரு தம்பதி சொந்தமாக நடத்துகிறார்கள். கணவர் கேப்டன், மனைவி சமையல். ஏதென்ஸில் ஏறுகிறோம், மிக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சான்டோரினி பார்த்துவிட்டு ஏழாம் நாள் மறுபடி ஏதென்ஸ். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் காலியாக இருக்கிறதாம். இன்று இரவே முன்பணம் அனுப்பிவிடட்டுமா?

சுந்தரம் மாமா: அனுப்பாதே.

சுந்தரம் மாமா: படகு நல்ல படகுதான். மாதமும் வழியும்தான் சரியில்லை.

கார்த்திக்: ஏன் மாமா? ஆகஸ்டில் அங்கே மழையே கிடையாதே.

சுந்தரம் மாமா: மழை இல்லை, காற்று இருக்கிறது. மெல்டெமி என்பார்கள். கோடையில் பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நீ சொல்லும் தீவுகள் இருக்கிற ஏஜியன் கடல். வடக்கிலிருந்து அடிக்கும், ஜூலை, ஆகஸ்டில் உச்சம். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, படம் எடுத்தால் அவ்வளவு அழகாக விழும். ஆனால் காற்றின் வேகத்தைச் சொல்லும் போபோர்ட் அளவில் 6, 7 என்று நாள்கணக்கில் ஓயாது. 6 என்றாலே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர். கப்பல் வேலையில் இருந்தபோது சரக்குக் கப்பல் மேல்தளத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சின்னப் படகுகள் மூக்கைத் தூக்கித் தூக்கி அலைமேல் அறைந்துகொண்டு போகும். அதன் மேல்தளத்தில் உன் அத்தையை உட்கார வைக்கப் போகிறாயா?

வசந்தி அத்தை: என் பெயரை ஏன் இழுக்கிறீர்கள்? நான் பேசாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திக்: கேப்டனுக்கு அந்தக் கடல் பழக்கம்தானே மாமா?

சுந்தரம் மாமா: பழக்கம் இருப்பதால்தான் அவர் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப மாட்டார். ஏதென்ஸிலிருந்து சான்டோரினி சுமார் 120 கடல் மைல். இந்த மாதிரிப் படகு மணிக்கு 5, 6 கடல் மைல் போகும். போகும்போது காற்று முதுகைத் தள்ளும், ஆசையாக இருக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முகத்துக்கு நேரே. ஏழு நாளில் இரண்டு மூன்று நாள் ஏதோ ஒரு துறைமுகத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருப்பீர்கள். விமானம் காத்திருக்காது.

பிரியா: சான்டோரினி இல்லாமல் கிரீஸா மாமா? 😟

சுந்தரம் மாமா: போய்ப் பாரம்மா, யார் வேண்டாம் என்றது? ஃபெர்ரியிலோ விமானத்திலோ போய் இரண்டு இரவு தங்கு. படகுக்கு அது தோதான தீவு இல்லை. உள்ளே இருப்பது எரிமலை வெடித்த பள்ளம். கரையை ஒட்டியே அவ்வளவு ஆழம், நங்கூரம் போட இடமே அரிது.

நித்யா: அப்படியானால் மாமா எந்த வழியைச் சொல்கிறீர்கள்?

சுந்தரம் மாமா: ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடா. அதே ஏதென்ஸ், அதே படகு, செப்டம்பர் இரண்டாம் பாதி. அங்கே நிலம் காற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு மூன்று நான்கு மணி நேரம்தான். கடல் கோடை முழுவதும் சூடேறியிருக்கும், குளிக்கச் சுகமாக இருக்கும். பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டமும் வாடகையும் இறங்கும். பெரிய அலை வேண்டாம், கிரேக்கத் தீவு வேண்டும் என்பவர்களுக்கு மேற்குப் பக்கம் அயோனியன் கடலும் உண்டு. லெஃப்கடா, இத்தாகா. ஆனால் ஏதென்ஸிலிருந்து தரைவழியே வெகுதூரம் போக வேண்டும்.

கார்த்திக்: சரோனிக்கில் பார்க்க என்ன இருக்கிறது?

சுந்தரம் மாமா: ஏஜினாவில் அஃபாயா கோயில், கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டியது. பிஸ்தாவுக்கும் பேர்போன தீவு. பழைய எபிடாரஸ் துறையில் இறங்கினால் டாக்சியில் கல் அரங்கம். கி.மு. நான்காம் நூற்றாண்டு, 55 வரிசை. நடுவில் நின்று பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். பிறகு போரோஸ். அதற்கு அப்பால் ஹைட்ரா.

சுந்தரம் மாமா: ஹைட்ராவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். குப்பை வண்டி மாதிரி ஒன்றிரண்டைத் தவிரத் தீவில் மோட்டார் வண்டியே கிடையாது. மூட்டை முடிச்செல்லாம் கோவேறு கழுதை மேல்தான். துறைமுகமோ சின்னது. மத்தியதரைக் கடலில் படகை பஸ் மாதிரி ஓரங்கட்டுவதில்லை. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்பக்கமாகவே வந்து, வால்பகுதியைக் கரையில் கட்டுவார்கள். ஹைட்ராவில் எதிரும் புதிருமாக இத்தனை படகு அப்படிக் கட்டினால், கடலடித் தரையில் எல்லார் சங்கிலியும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். காலையில் ஒருவர் நங்கூரம் தூக்கினால் பக்கத்துப் படகின் சங்கிலியும் சேர்ந்து மேலே வரும். கேப்டன் முன்பக்கம் குனிந்து, அந்தச் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றைக் கொடுத்து, தன் நங்கூரத்தை மெல்லக் கீழே இறக்கிக் கழற்றுவார். பிறகு கயிற்றை ஒரு முனையில் விட்டால் ‘சளக்’கென்று அடுத்தவர் சங்கிலி அடிக்குப் போய்விடும். காபி டம்ளரோடு வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல காட்சி கிடையாது, சங்கிலி நம்முடையதாக இல்லாதவரை 😄

கார்த்திக்: நாமே ஓட்டுகிற படகு இதைவிட மலிவு என்று போட்டிருந்ததே. நல்லவேளை எடுக்கவில்லை.

சுந்தரம் மாமா: எடுக்கவும் முடியாது. படகு ஓட்டும் சான்றிதழ் கேட்பார்கள், கூடவே அனுபவமுள்ள இன்னொரு ஆள் வேண்டும். நம் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் யார், சின்னப் பையன் ரோஹனா?

வசந்தி அத்தை: இப்போது நான் கேட்கலாமா? கழிவறை எப்படி இருக்கும்?

சுந்தரம் மாமா: சின்னது, முழங்கை இடிக்கும். உண்டு செரித்ததைத் தவிர வேறெதையும் உள்ளே போடக்கூடாது. காகிதம்கூடத் தனி வாளியில்தான். அடைத்துக்கொண்டால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்யப் போகிறவர் அந்தக் கேப்டன்தான், ஞாபகம் இருக்கட்டும்.

வசந்தி அத்தை: குளியல்?

சுந்தரம் மாமா: தொட்டியில் 400, 500 லிட்டர் இருக்கும், எட்டுப் பேருக்கு. முதலில் கடலில் குளி, பிறகு பின்படியில் நின்று நல்ல தண்ணீரில் ஒரு நிமிடம்.

வசந்தி அத்தை: ஒரு நிமிடமா! என் தலைமுடிக்கே பத்து நிமிடம் ஆகும்.

வசந்தி அத்தை: சரி, சாப்பாடு? எனக்கும் பிரியாவுக்கும் மீன், கறி, முட்டை எதுவும் ஆகாது.

நித்யா: அதை நான் அந்த அம்மாவிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன் அத்தை. அங்கே விரத நாள் சமையல் என்றே தனியாக உண்டாம், ‘நிஸ்டீசிமா’ என்கிறார்கள். இறைச்சி, பால், முட்டை இல்லை. ஆனால் விரதத்திலும் கணவாய், இறால் சேர்ப்பார்களாம், அதனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பாமல் “கடலிலிருந்து எதுவும் வேண்டாம்” என்று எழுதி அனுப்பினேன். பருப்பு மசியல், தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை பீன்ஸ், திராட்சை இலையில் சுருட்டிய சோறு என்று பதில் வந்தது. தயிர் எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

வசந்தி அத்தை: அந்தப் பெண் நல்லவள். படகை அவளுக்காகவே எடுக்கலாம்.

பிரியா: அண்ணி, எனக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும். இது சாயுமே?

நித்யா: சாயும் பிரியா, ஒற்றை உடல் படகு காற்றில் 15, 20 டிகிரி சாயும். இரட்டை உடல் கேட்டமரான் அவ்வளவு சாயாது, ஆனால் வாடகை அதிகம். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள். தலை சுற்றினால் கீழே அறைக்குப் போய்ப் படுக்காதே, மேலே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்.

நித்யா: இப்போது பணத்துக்கு வருவோம். தம்பி, ஒப்பந்தத்தைப் படித்தாயா?

கார்த்திக்: மேலோட்டமாக, அக்கா.

நித்யா: நான் படித்தேன். பெரிய நிறுவனத்தில் படகு பழுதானால் வேறு படகு தருவார்கள். இவர்களிடம் இருப்பது ஒரே படகு, வேலைக்கு இரண்டே பேர். கேப்டனுக்குக் காய்ச்சல் வந்தால் நம் விடுமுறையே போச்சு. அப்படி நேர்ந்தால் முழுப் பணமும் திரும்ப வருமா, இல்லை சமமான வேறு படகு ஏற்பாடு செய்வார்களா? ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

சுந்தரம் மாமா: சபாஷ். படகை வாடகைக்கு விடும் சார்ட்டர் உரிமம் இருக்கிறதா, பணம் கட்டி வரும் பயணிகளுக்குக் காப்பீடு செல்லுமா, இதையும் கேள். சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்த படகை வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. துறைமுகக் காவலர் பிடித்தால் நாம் பெட்டியோடு கரையில்.

நித்யா: கேட்கிறேன் மாமா. இன்னொன்று, ஆளோடு வரும் பெரிய யாட்களில் வாடகைக்கு மேல் 25, 30 சதவீதம் செலவுப் பணமாக முன்கூட்டியே வாங்குவார்கள். டீசல், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாம் அதிலிருந்து போகும், மீதியைக் கணக்குக் காட்டித் திருப்பித் தருவார்கள். இவர்கள் காலை, மதியச் சாப்பாட்டை வாடகையிலேயே சேர்த்துவிட்டார்கள். இரவு கரையில் நம் செலவு. டீசலும் வாட் வரியும் உள்ளே அடங்குமா என்பது மட்டும் மொட்டையாக விட்டிருக்கிறது.

நித்யா: “எட்டுப் படுக்கை” என்பதில் அவர்கள் இருவருடைய அறையும் சேர்த்தி. நமக்கு மூன்று அறை, மூன்றாவதில் அடுக்குப் படுக்கை. அதில் நானும் ரோஹனும்.

கார்த்திக்: காற்றால் ஒரு நாள் கிளம்பாவிட்டால் பணம் குறையுமா?

நித்யா: குறையாது. கிளம்புவதா வேண்டாமா என்பதில் கேப்டன் சொல்வதே முடிவு. அந்த விதி அப்படியே இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். படகையே வீடாக வைத்திருப்பவர் அதைப் பாறையில் மோதவிட மாட்டார்.

கார்த்திக்: ஒப்புக்கொள்கிறேன். செப்டம்பர், சரோனிக். சனிக்கு சனி வாரம்தான் கொடுக்கிறார்கள். மாமா, நாளை அவர்களோடு வீடியோ அழைப்பு வைக்கிறேன், நீங்களும் வாருங்கள்.

சுந்தரம் மாமா: வருகிறேன். எல்லோரும் துணிப்பையில் கட்டுங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வைக்கப் படகில் மூலையே கிடையாது. வசந்தி, கேட்டாயா?

வசந்தி அத்தை: கேட்டது.

நித்யா: கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். தங்கும் இடத்துக்கு சார்ட்டர் ஒப்பந்தத்தையும், நம் பெயர்கள் உள்ள பயணிகள் பட்டியலையும் வைக்கலாம். எல்லோரும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், இந்தக் குழுவில் போடாதீர்கள்.

நித்யா: அத்தை, உங்களுடையது அந்த நவம்பரிலேயே முடிகிறதே? ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

வசந்தி அத்தை: பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் படத்தையே போடுவார்களா? அதில் நான் நன்றாக இருக்கிறேன்.

நித்யா: போட மாட்டார்கள் அத்தை.