லேனோர் செத்துவிட்டான் என்று யார் சொன்னது? (ஹவுஸ் ஆஃப் தி டிராகன் தொலைக்காட்சித் தொடர், இரண்டாம் சீசன்: கடைசி எபிசோடு வரை பார்த்தவர்களுக்கு மட்டும்)

கோட்டூர்புரத்தான்:
"சீஸ்மோக் ஆடமை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆகவே லேனோர் இறந்துவிட்டான், பேச்சு முடிந்தது." பெரம்பூர் வாசகி நேற்று வேறோர் இழையில் எழுதியது இது. சீஸ்மோக் லேனோரின் டிராகன், ஆடம் அதன்மீது புதிதாக ஏறியவன். வரிசையாக எல்லோரும் ஆமாம் போட்டிருக்கிறார்கள். பேச்சை முடித்துவைக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எட்டு எபிசோடுகளையும் பார்த்துவிட்டேன். லேனோரின் சாவை எந்த எபிசோடிலும் காட்டவில்லை, உண்மை தெரிந்த எந்தப் பாத்திரமும் சொல்லவில்லை. 2022இல் வந்த முதல் சீசனின் ஏழாம் எபிசோடில் எரிந்து கிடந்தது வேறொருவனின் உடல். லேனோர் தலையை மழித்துக்கொண்டு காதலன் கார்லுடன் படகேறிப் போனான். நாம் அவனைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். படகில் உயிரோடு போனவனை இங்கே உட்கார்ந்துகொண்டு நீங்கள் எப்படிக் கொன்றீர்கள்?

பெரம்பூர் வாசகி:
நான் கொல்லவில்லை ஐயா. ஒரு டிராகன் தன் ஆள் உயிரோடு இருக்கும்வரை இன்னொருவரைச் சுமக்காது. வேகாரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டிராகன் மீது ஏறியவர்கள் விசேனியா, பேலன், லேனா, அதன்பின் ஏமண்ட். லேனாவின் இறுதிச் சடங்கு நடந்த இரவில்தானே ஏமண்ட் போய் வேகார் மீது ஏறினான்? கராக்ஸஸ் முதலில் ஏமனுடையது, பிறகு டேமனுடையது. வெர்மித்தோர் பழைய அரசர் ஜெஹேரிஸுடையது. அவர் போய் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு ஹியூவிடம் தலை தாழ்த்தியது. சில்வர்விங்கும் அப்படியே: அலிசான் அரசி மறைந்த பிறகுதான் உல்ஃப். முந்தைய ஆள் உயிரோடு இருக்கும்போது டிராகன் கைமாறியதற்கு ஓர் உதாரணம் காட்டுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

கோட்டூர்புரத்தான்:
ஒன்று கேட்டீர்கள், தருகிறேன்: சீஸ்மோக். அதைத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்!

உங்கள் பட்டியல் சரி. ஆனால் இதுவரை நடக்கவில்லை என்பதாலேயே இனி நடக்காது என்று ஆகிவிடாது. உங்களிடம் ஒரு கேள்வி. ஆறாம் எபிசோடில் சீஸ்மோக்கை வசப்படுத்த ஸ்டெஃபன் டார்க்லினை அனுப்பியது யார்? ரெனீரா. லேனோர் சாகவில்லை என்பது இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்? அவன் மனைவியாக இருந்த ரெனீராவுக்கும், பிறகு அவளை மணந்த டேமனுக்கும். திட்டம் போட்டதே அவர்கள்தான். நீங்கள் சொல்லும் விதி உண்மையானால், தன் காவல்படைத் தளபதியைத் தெரிந்தே நெருப்பில் தள்ளியிருக்கிறாள் ரெனீரா. அவள் அப்படிப்பட்டவளா? பதில் சொல்லுங்கள்.

திருவான்மியூர் அலை:
டார்க்லின் எரிந்துதானே போனார்? விதி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கோட்டூர்புரத்தான்:
தம்பி, அதே எபிசோடின் முடிவில் அதே சீஸ்மோக் ஆடமைத் துரத்திப் பிடித்தது. டார்க்லின் எரிந்தபோது லேனோர் உயிரோடு இருந்து, ஆடம் ஓடுவதற்குள் செத்துப்போனானா? டார்க்லினுக்கு டிராகன் ஏறும் அரச வம்சமான டார்கேரியன்களின் ரத்தம் எங்கோ தூரத்தில் ஒரு சொட்டு. ஆடமோ லேனோரின் தந்தை கோர்லிஸின் மகன், லேனோருக்கு அண்ணன் தம்பி முறை. டிராகன் தேடியது அந்த ரத்தத்தை. அதற்கும் லேனோரின் சாவுக்கும் சம்பந்தமே இல்லை.

திருவான்மியூர் அலை:
முதலில் என்னைத் தம்பி என்று அழைப்பதை நிறுத்துங்கள். நான் பணி ஓய்வு பெற்றவன். என் மகனுக்கு உங்கள் வயது இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லேனோர் படகேறியது ரெனீராவின் இந்த அரியணைப் போருக்கு ஆறு ஆண்டுகளுக்கும் முன்னால். முதல் சீசனின் ஏழாம் எபிசோடுக்கும் எட்டாம் எபிசோடுக்கும் இடையிலேயே ஆறு ஆண்டு இடைவெளி. அத்தனை காலமும் அடங்கிக் கிடந்த சீஸ்மோக் இப்போது ஏன் திடீரென்று அமைதியிழந்து அலைகிறது? கடல் கடந்து எங்கோ அவன் மூச்சு நின்றது, அது டிராகனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அந்தக் காட்சியில் நெஞ்சை அடைத்ததே அதனால்தான். மகன் முன்பே செத்துவிட்டான் என்று நம்பிக்கொண்டே ரெய்னிஸ் நான்காம் எபிசோடில் தன் டிராகன் மெலிஸோடு விழுந்து மடிந்தாள். அவள் அறியாத சேதியை மகனின் டிராகன் அறிந்திருக்கிறது.

கோட்டூர்புரத்தான்:
அழகான கற்பனை. எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டார்க்லின் கேள்விக்குப் பதில் வரவில்லை, ஐயா.

வட்டெழுத்து:
தூரத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன், பொறுக்கவில்லை. சாட்சி இல்லாத இடத்தில் ஏன் இவ்வளவு சத்தம்? பொன்னியின் செல்வனில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை திறந்தே வைத்துவிட்டுப் போனார். 1954இல் தொடர்கதை முடிந்தது, இன்றைக்கும் நாம் சண்டை போடுகிறோம். கதாசிரியர் சொல்லாமல் விட்டதைச் சொல்லாமல் விட்டதாகவே வைத்துக்கொள்ளக் கூடாதா?

கோட்டூர்புரத்தான்:
கேட்டுக்கொள்ளுங்கள் எல்லோரும். வட்டெழுத்து என் பக்கம்.

வட்டெழுத்து:
நான் யார் பக்கமும் இல்லை. என் பெயரை இழுக்காதீர்கள்.

பெரம்பூர் வாசகி:
கரிகாலன் விஷயம் ஒன்றும் திறந்து கிடக்கவில்லை. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயரைச் சொல்லி, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று வெட்டிவைத்திருக்கிறது. நாவல் சொல்லவில்லை என்றால் வரலாறும் சொல்லவில்லை என்று ஆகாது.

வட்டெழுத்து:
அம்மா, அந்தக் கல்வெட்டு துரோகிகளின் சொத்துகள் பற்றிய ஆவணம். அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதை அது சொல்லவில்லை. உத்தம சோழன் அரியணையில் இருந்த அத்தனை ஆண்டுகளும் ஏன் நடவடிக்கை இல்லை என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா? கல்வெட்டைப் பாதி படித்துவிட்டுப் பேசுகிறவர்களால்தான் எனக்கு இந்தத் தலைவலி.

பெரம்பூர் வாசகி:
பாதி படித்தேன் என்று உங்களிடம் சொன்னேனா? நான் நேரில் போய்ப் பார்த்தவள்.

மின்ரயில் பயணி:
மன்னிக்கவும், சோழர்களைக் கொஞ்சம் நிறுத்துங்கள். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு எபிசோடு வெளியானது. அந்த நேரத்தில் நான் தாம்பரத்தில் ரயிலுக்கு நின்றிருந்தேன். எழும்பூர் வருவதற்குள் இங்கே ஒரு மகானுபாவர் "ஆலிசண்ட் டிராகன்ஸ்டோனுக்கே போய் ரெனீராவைச் சந்திக்கிறாள்" என்று தலைப்பிலேயே போட்டுவிட்டார். எதிரணி அரசியே வருகிறாள் என்பது முன்பே தெரிந்துவிட்டால், எட்டு வாரம் காத்திருந்த எனக்குக் கடைசி எபிசோடில் மிச்சம் இருந்தது என்ன? யார் அவர் என்று எல்லோருக்கும் தெரியும். கோட்டூர்புரத்தாரே, உங்களிடம்தான் கேட்கிறேன்.

கோட்டூர்புரத்தான்:
தலைப்பில் எச்சரிக்கை போட்டிருந்தேன்.

மின்ரயில் பயணி:
எச்சரிக்கைக்கு அடுத்த சொல்லே ஆலிசண்ட்!

கோட்டூர்புரத்தான்:
பார்க்காதவர் இங்கே ஏன் வருகிறார்? அலுவலகம் போய், திரும்பி வந்து, நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். அது இருக்கட்டும். டார்க்லினைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. லேனோர் உயிரோடு இருப்பது தெரிந்த ரெனீரா, டார்க்லினை ஏன் அனுப்பினாள்? இந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

பெரம்பூர் வாசகி:
சரி, சொல்கிறேன். ரெனீராவிடம் அப்போது இருந்தது நம்பிக்கை இல்லை, வேறு வழியில்லாமை. மெலிஸ் போய்விட்டது. எதிரியிடம் வேகார் இருக்கிறது. டேமனோ ஹாரன்ஹால் கோட்டையில் கனவு கண்டுகொண்டிருக்கிறான். கையில் இருக்கும் டிராகன்களில் ஆள் இல்லாதவற்றுக்கு யாரையாவது ஏற்றிவிட முடியுமா என்று தவிக்கிறாள். அந்தத் தவிப்பில் அனுப்பினாள். அடுத்த எபிசோடிலேயே ஊர் பேர் தெரியாதவர்களை வெர்மித்தோரின் வாய்க்கு முன்னால் நிறுத்தினாளே, அவளிடமா இரக்கத்தை எதிர்பார்க்கிறீர்கள்? எத்தனை பேர் எரிந்தார்கள்!

கோட்டூர்புரத்தான்:
அப்படியானால் ரெனீராவுக்கே அந்த விதியில் நம்பிக்கை இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். டிராகன்களோடு பிறந்து வளர்ந்தவளுக்கு இல்லாத நம்பிக்கை பெரம்பூரில் இருப்பவருக்கு எங்கிருந்து வந்தது?

பெரம்பூர் வாசகி:
நான் ஒப்புக்கொண்டதாக நீங்களே எழுதிக்கொள்ள வேண்டாம். உங்கள் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், பழையவர்கள் எல்லோருக்கும் தெரியும். 2022இல் முதல் சீசன் முடிந்ததும் "இரண்டாம் சீசனில் லேனோர் சீஸ்மோக் மீது ஏறித் திரும்பி வருவான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று பக்கம் பக்கமாக எழுதியவர் நீங்கள். எழுதி வைத்துக்கொண்டோம். சீசன் முடிந்தது. சீஸ்மோக் மீது வந்தவன் ஆடம். இப்போது லேனோரைச் சாக விடாமல் பிடித்து வைத்திருப்பது உங்கள் அந்தப் பதிவைக் காப்பாற்றுவதற்காக.

கோட்டூர்புரத்தான்:
என் பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது, ஒரு வரியும் நீக்கவில்லை, நீக்கவும் மாட்டேன். தொடர் முடியவில்லை, இன்னும் சீசன்கள் இருக்கின்றன. கோர்லிஸ் உயிரோடு இருக்கிறார். தன் மகன் எரிந்துவிட்டான் என்று நம்பிக்கொண்டு, பெற்றும் பெயர் கொடுக்காத ஆடமையும் அவன் சகோதரன் ஆலினையும் ஏறிட்டுப் பார்க்கக் கூசுகிற தகப்பன் அவர். கடைசி எபிசோடில் ஆலின் அவர் முகத்துக்கு நேரே கொட்டித் தீர்த்தானே, அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். அந்த வீட்டின் வாசலில் ஒருநாள் லேனோர் வந்து நின்றால் என்ன ஆகும்? அவனைக் கொல்லாமல் படகில் ஏற்றியது எதற்கு? சும்மா அனுப்பிவைக்கவா? புத்தகத்தில் அவன் ஸ்பைஸ்டவுனில் கார்லின் கையால் குத்துப்பட்டுச் சாகிறான். தொடரை எழுதியவர்கள் அதை வேண்டுமென்றே மாற்றினார்கள். வேண்டுமென்றே காப்பாற்றிய ஒருவனைத் திரைக்கு வெளியே, ஒரு வசனம்கூட இல்லாமல் சாகடிப்பார்கள் என்று நம்பச் சொல்கிறீர்கள். நான் நம்ப மாட்டேன்.

திருவான்மியூர் அலை:
புத்தகத்தை நீங்களே எடுத்தீர்கள், நல்லது. 2018இல் வந்த ஃபயர் அண்ட் பிளட் நூலில் ஆடம் சீஸ்மோக்கை அடையும்போது லேனோர் செத்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. முன்னவன் போன பிறகுதான் பின்னவன். அந்த ஒழுங்கு அங்கே கெடவே இல்லை. தொடர் அவனைக் காப்பாற்றியதால்தான் இந்தக் குழப்பம். சிக்கலை உண்டாக்கியவர்கள் எழுத்தாளர்கள். அதை நீங்கள் ஆழ்ந்த திட்டம் என்று கொண்டாடுகிறீர்கள்.

கோட்டூர்புரத்தான்:
அந்த நூல் ஒரு மேஸ்டர், அதாவது அந்த உலகத்து அறிஞர் ஒருவர், பல ஆண்டுகள் கழித்துத் தொகுத்ததாக எழுதப்பட்டது. யூஸ்டஸ் ஒன்று சொல்வார், மன்கன் ஒன்று சொல்வார், கோமாளி மஷ்ரூம் மூன்றாவதாக ஒன்று சொல்வான். அதை வைத்துக்கொண்டா என்னை மடக்கப் பார்க்கிறீர்கள்?

வட்டெழுத்து:
இதைத்தான் கல்வெட்டுக்கும் சொன்னேன்.

பெரம்பூர் வாசகி:
கல்வெட்டும் கோமாளியும் ஒன்றா? உங்கள் வாயிலிருந்து இது வரும் என்று நினைக்கவில்லை.

வட்டெழுத்து:
நான் அப்படிச் சொல்லவில்லை. திரிக்காதீர்கள்.

மின்ரயில் பயணி:
தலைப்பைப் பற்றி ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

புதுவண்ணைப் புயல்:
புதிதாக வந்திருக்கிறேன். வேல் பள்ளத்தாக்கில் டேமனின் மகள் ரேனா கடைசி எபிசோடில் நெருங்கிய காட்டு டிராகன் ஷீப்ஸ்டீலர்தானே? புத்தகத்தில் அது நெட்டில்ஸ் என்ற பெண்ணுடையது என்று படித்தேன். தினமும் ஓர் ஆட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கியவள். யாருக்கும் சொந்தமில்லாத ஏழைப் பெண் ஒருத்தியின் இடத்தை ஓர் இளவரசிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களா? எனக்கு அதுதான் பெரிய கோபம். லேனோர் இருந்தால் என்ன, இறந்தால் என்ன?

திருவான்மியூர் அலை:
நியாயமான கோபம். எனக்கும் அதே வருத்தம்தான். ரத்தம் இல்லாமலும் டிராகனை நெருங்கலாம் என்று காட்டிய ஒரே ஆள் அவள்.

கோட்டூர்புரத்தான்:
ரத்தம் இல்லை என்று எங்கே எழுதியிருக்கிறது? அவள் பிறப்பு யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அதோடு ரேனா அதன்மீது ஏறியதாக இன்னும் காட்டவே இல்லை, வெறுமனே எதிரெதிரே நிற்கிறார்கள். அதற்குள் நெட்டில்ஸையும் புதைத்துவிட்டீர்கள். திரையில் காட்டாத ஒருவரைச் செத்தவராக எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது.

பெரம்பூர் வாசகி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். அங்கே வந்து சொல்கிறேன்.

கோட்டூர்புரத்தான்:
தனி இழை எதற்கு? இங்கேயே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் டார்க்லினை அனுப்பியது ஏன் என்று முடித்துவிட்டு வாருங்கள். "தவிப்பு" என்ற பதிலை நான் ஏற்கவில்லை.