ரெட்ரோவில் மூல காரணத்தைப் பிடிப்பது எப்படி?

வணக்கம், கொழும்பில் ஒரு மென்பொருள் குழுவை நடத்துகிறேன். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் (சில வாரங்கள் கொண்ட குறுகிய வேலைச் சுற்று) முடிவிலும் ரெட்ரோ, அதாவது எது சரியாக நடந்தது, எது பிழைத்தது என்று குழுவாகத் திரும்பிப் பார்க்கும் கூட்டம், வைக்கிறோம், ஆனால் ரிலீஸ் பிந்துகிறது, டெஸ்டிங் கடைசி நாளில் குவிகிறது என்று அதே பிரச்சினைகள்தான் திரும்பத் திரும்ப போர்டில் ஏறுகின்றன. டொயோட்டாவில் பிறந்த 'ஐந்து ஏன்' முறையையும் (ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி 'ஏன்?' என்று கேட்டு மூல காரணம் வரை போவது) செய்து பார்த்தோம். மூன்றாவது ஏனிலேயே அது யாரோ ஓர் ஆளின் பெயரில் போய் முட்டி நின்றுவிடுகிறது, அப்புறம் ஒருவரும் வாய் திறப்பதில்லை, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சுத்தமாக அமைதி. ஒரு பிரச்சினைக்கு ஒரே காரணம்தான் என்று அந்தச் சங்கிலி நம்ப வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பிரச்சினையின் பல காரணங்களை வகை பிரித்து மீன் எலும்புபோல வரையும் இஷிகாவாவின் மீன்முள் வரைபடத்தை ரெட்ரோவில் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிறதா? ஆளைக் குறை சொல்லாமல் வேலை நடக்கும் முறையைக் கேள்வி கேட்க எப்படித் தொடங்குகிறீர்கள்? மனேஜர் அறையில் இருக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.